பேருந்திலிருந்து வகுப்புக்குப் போன தெல்லெர்வோ

என்னோடு பள்ளியில் படித்த தெல்லெர்வோ, ஃபின்லாந்தில் எங்கள் சின்ன ஊரான குஹ்மோவில் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவள். இப்போது நூலகத்து மாடியில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் ஃபின்னிய மொழியைச் சொல்லித் தருகிறாள். கரும்பலகைப் பக்கமே போகமாட்டாள். ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு கரண்டி. கரண்டியைப் பெட்டிக்குள் போடு, பெட்டியிலிருந்து எடு, நாற்காலி மேல் வை என்று ஆளை ஆட்டிவைப்பாள். செய்வதை வாயாலும் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்குப் போறவனும் வீட்டுலேருந்து வர்றவனும் ஒண்ணா? சொல்லோட வாலைப் பிடி, வழி தெரியும். வால் சரியா இருந்தா சொல்லை எங்க வேணா தூக்கி வை. எது முக்கியமோ அதை முன்னாடி போடு!" என்பாள். வால் என்று அவள் சொல்வது, சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபை.

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. எங்களுக்குள் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். வெளியூர்க்காரர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் மட்டும் பொறுக்காது, உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொள்வோம்!

போன மார்ச்சில் என் காப்பிக்கடைக்கு ஆள் தேடினேன். தெல்லெர்வோ தன் மாணவி ஓராவனைக் கூட்டி வந்தாள், தாய்லாந்துக்காரி. இந்த வேலை கிடைக்காவிட்டால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கூட்டிக்கொண்டு ஹெல்சிங்கிக்குப் போகவேண்டிய நிலை அவளுக்கு. ஆனால் எங்கள் மொழி வராதவளைக் கடையில் நிறுத்தினால், என் கிழட்டு வாடிக்கையாளர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

ரொட்டி சுடச் சொன்னேன். சுட்டாள். "என்னென்ன செஞ்சே, சொல்லு" என்றேன். வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. என் நாக்கு தானாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

தெல்லெர்வோ மேசையை ஓங்கித் தட்டினாள். "உர்ப்போ, வாயை மூடுடா! அவ யோசிக்கட்டும்!"

மூடினேன். காப்பிக்கு வரிசையில் நின்றவர்களும் அவளையே பார்த்தார்கள். ஓராவனின் கை அடுப்பைக் காட்டியது, பிறகு மேசையை.

"அடுப்புலேருந்து எடுத்தேன். மேசை மேல வெச்சேன்." அதோடு நிறுத்தவில்லை. "ரெண்டைக் குப்பையில போட்டேன். உங்க அடுப்புதான் கருக்கிச்சு, நான் இல்ல."

கடையே சிரித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாழாய்ப்போன பழக்கம், வேலை உனக்குத்தான் என்று ஆங்கிலத்திலேயே சொல்லித் தொலைத்தேன்.

ஓராவன் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. ரெண்டு வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் எங்கிட்ட அதுலதான் பேசறீங்க. வேலை உண்டா இல்லையா, உங்க பாஷையில சொல்லுங்க."

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. "உண்டும்மா. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு" என்றேன், எங்கள் மொழியில்.