ரேடியோ பிழைக்க வைத்த தம்பி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள் அவள். எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’. சாப்பாட்டு நேரத்தில் கதைப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். கிழவன் வந்தால் இருமுவாள், ராட்சசன் வந்தால் மேசையைத் தட்டுவாள். கேட்பதற்கு இரண்டே பேர்: தானாக நாலு வரி படித்தால் கொட்டாவி விடும் இஸ்திரி அக்கா, அழுக்குத்துணி வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன்.

அந்த வருஷம் ஓடியது மூன்று பாக மாயாஜால நாவல். டிராகன் வளர்க்கும் ஒரு பெண், அவளுக்கு ஒரு தம்பி. முதல் பாகத்தின் கடைசியில் அவளைக் காப்பாற்றப் பனிக்குகைக்குள் போகும் தம்பி, அங்கேயே செத்துப்போவான். அந்தப் பக்கம் வரவேண்டிய வாரத்தில்தான் இஸ்திரி அக்காவின் சொந்தத் தம்பி விபத்தில் இறந்துபோனான்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்த அக்கா, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, “குகைக்குள்ள போனானே அந்தப் பையன், என்ன ஆனான்?” என்று கேட்டாள். ரேடியோ புத்தகத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“நொண்டிக்கிட்டே வெளியே வந்துட்டான்க்கா.”

பொய் சொல்வது சுலபம். செத்தவனை இன்னும் இரண்டு பாகத்துக்குச் சோறு போட்டு வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா? போர் மூண்டால் அவனுக்குக் கால்வலி. அரசவை கூடினால் ஜலதோஷம், வாயே திறக்க மாட்டான். ஆனால் அக்கா விட்டால்தானே! “தம்பி எங்கடி? இன்னைக்கு ஒண்ணுமே பேசலியே” என்று நச்சரிப்பாள். வேறு வழியில்லாமல் ரேடியோ அவனை நக்கல் பேச வைத்தாள். கடைசிப் பாகத்தில் ஒரு குதிரைக்காரியைக் கல்யாணமும் செய்துவைத்தாள். எழுதியவர் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

அப்புறம் முதல் பாகம் படமாக வந்தது. மூவரும் ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனார்கள். படக்காரர்கள் எதையாவது மாற்றித்தானே தொலைப்பார்கள், இதையும் மாற்றியிருக்கக் கூடாதா என்று ரேடியோ வேண்டாத தெய்வமில்லை. மாற்றித்தான் இருந்தார்கள். டிராகனுக்குக் கொம்பு முளைத்திருந்தது, மந்திரவாதிக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடைத்திருந்தது. தம்பியின் சாவை மட்டும் அட்சரம் பிசகாமல் எடுத்திருந்தார்கள், பாவிகள்.

தியேட்டர் வாசலில் அக்கா கொதித்தாள். “எழுதினவரே விட்டுவெச்ச உயிரு. அதை எடுக்க இவனுங்க யாரு?”

“ரெண்டரை மணி நேரத்துல அடக்கணும்மா. ஆளைக் குறைச்சாத்தான் கதை நகரும்,” என்றார் டிரைவர் அண்ணன்.

“அப்போ அந்த மந்திரவாதி பாட்டைக் குறைக்க வேண்டியதுதானே! இவன் செத்துட்டா அந்தக் குதிரைக்காரி கதி?”

டிரைவர் அண்ணன் டீ வாங்கப் போய்விட்டார்.

அக்கா ரேடியோ பக்கம் திரும்பினாள். “நாளைக்குப் புத்தகத்தைக் கொண்டு வா. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் படக் கம்பெனிக்கே அனுப்பி, நாலு கேள்வி கேட்கிறேன்.”

அன்று ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷமாக அக்காவோடு பேசிச் சிரித்துத்தான் அவளுக்கு அந்தச் சலவைக்கூடத்தின் புழுக்கமே தெரியாமல் இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

திங்கட்கிழமை புத்தகத்தை மேசைமேல் வைத்து உண்மையைப் போட்டு உடைத்தாள். அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அப்பவே சொல்லியிருந்தா, அழுத அழுகையோட அழுகையா இவனுக்கும் அழுதிருப்பேன். இப்போ இவனுக்குன்னு தனியா அழ வெச்சிட்டியே.”

“அன்னைக்கு உன் மூஞ்சியைப் பார்த்து அதைப் படிக்க எனக்கு வாய் வரலைக்கா.”

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அந்தப் பக்கத்தை எடு. உள்ளது உள்ளபடி படி.”

ரேடியோ படித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்ததும், சற்றுமுன் இஸ்திரி போட்ட தலையணை உறையில் மூக்கைச் சிந்தினாள்.

“படத்துல இவன் இவ்வளவு நல்லா சாகலையேடி,” என்றாள்.