லூர்து அக்காவைத் தெரியாதவர்கள்

அந்தோணி அண்ணன் எனக்கு அதுவரை ஒருமுறைகூடப் போன் செய்ததில்லை. அன்று காலை எட்டரை மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் மனநல ஆதரவு மையத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சார், நான் அந்தோணி. லூர்து வீட்டுக்காரரு. அவ இன்னைக்கு ஆபீஸ் வர மாட்டா லா."

"ஏண்ணே, காய்ச்சலா? டாக்டர்கிட்ட எம்சி லீவு எடுத்திருக்காங்களா?"

"இல்ல சார். தவறிட்டா."

தேநீர் கலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரே தொடர்ந்து பேசினார். "காலண்டர்ல இன்னைக்குப் பதினோரு மணின்னு வட்டம் போட்டு வெச்சிருக்கா. பேரு எழுதல. யாரோ வந்து காத்துக்கிட்டு இருக்கப் போறாங்க, சொல்லிடுங்க சார்." மனைவி இறந்து ஒரு மணி நேரம் ஆன மனிதர், முகம் தெரியாத ஒருவர் காத்திருப்பாரே என்று கவலைப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், ஒண்ணு கேக்கலாமா? அவ ஆபீஸ்ல பேசுவாளா?" என்றார்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "பேசுவாங்களாவா? நிறுத்தவே முடியாதுண்ணே. எங்களுக்கெல்லாம் சிரிச்சு வயிறு வலிக்கும்" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பிறரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவன் நான்.

பதினோரு மணிக்கு அந்த ஆள் வந்தார். துயரச் செய்தியை எப்படிச் சொல்வது என்று நானே எழுதி வைத்திருக்கும் பாடம் ஒன்று உண்டு. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் கீழே கடைக்குப் போய் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கி வந்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார், "மனச விட்டு அழுதுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். லூர்து அக்கா எப்போதும் சொல்வார்: "கேக்குறவங்க மூஞ்சி ரொம்ப சோகமா இருக்கக் கூடாது சார். அப்புறம் வந்தவங்க நம்மளைத் தேத்த ஆரம்பிச்சுடுவாங்க." பதினான்கு ஆண்டுகளாக அதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறிந்திருந்தும் அறியாதவர்போல நடந்துகொள்ள வேண்டியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பயப்பட வேண்டாம். இதில் வரும் மீன்கடைக்காரர் மீன் விற்பவர் அல்லர். என்ன விற்பவர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

மருத்துவமனையில் தாதியாக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, எங்களிடம் ஆலோசகராக வந்தவர் அக்கா. நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், அதனால் சட்டம் போடுவதில் எனக்குத் தனி ருசி. மையம் தொடங்கியதும் முதல் வேலையாக விதிப்புத்தகம் எழுதினேன். அதில் ஏழாவது விதி: மையத்துக்கு வருபவரை வெளியிடத்தில் கண்டால், அவராக வந்து பேசாதவரை நாம் அவரை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அவரைப் பற்றி வீட்டில் கணவன் மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அக்கா குடியிருந்தது கிள்ளானில். அங்கே நம் ஆட்கள் ஒரே பாசாரில்தான் காய்கறி வாங்குகிறார்கள், ஒரே மண்டபத்தில்தான் கல்யாணம் செய்கிறார்கள் என்பது தலைமையாசிரியருக்குத் தோன்றவில்லை.

அக்கா வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் ஒருநாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அந்த வாரமே அக்கா அடுத்த கடைக்கு மாறிவிட்டார். "ஏங்க்கா, அவர்கிட்ட மீன் வாங்குனா என்ன?" என்று கேட்டேன். "நீங்க எழுதுன சட்டம்தானே சார்? அதுவுமில்லாம, அவரு ரெண்டு இறால் கூடப் போட்டார்னா எதுக்குப் போட்டார்னு நான் ராத்திரி பூரா யோசிக்கணும்" என்றார். கொஞ்ச நாளில் அடுத்த கடைக்காரரின் மனைவியும் படியேறி வந்தார். மூன்றாவது கடைக்காரரின் தம்பி வந்தபோது அக்கா கிள்ளானையே கைவிட்டார். கடல் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, சனிக்கிழமை சனிக்கிழமை நெரிசலில் பெட்டாலிங் ஜெயா வரை கார் ஓட்டிப் போய் மீன் வாங்கி வந்தார். காரணம் கேட்ட அந்தோணி அண்ணனிடம், "அங்க மீனு நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு கல்யாணத்தில் அண்ணன் தன் பழைய ரயில்வே நண்பரை அக்காவுக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார். நண்பர் எங்களிடம் வந்துகொண்டிருந்தவர். இருவரும் விறைத்துப்போய் நின்றிருக்கிறார்கள். மறுவாரம் அக்கா, பெயர் சொல்லாமல், அந்தக் காட்சியை எங்களுக்கு நடித்தே காட்டினார். "'இவங்கள நான் பாத்ததே இல்ல'ன்னு அவரு மூணு தடவ சொன்னாரு சார். யாருமே கேக்கல! மூணாவது தடவ எங்க வீட்டுக்காரரே என்னை ஒரு மாதிரி பாத்தாரு." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாணத்தன்று இரவு காரில் வீடு திரும்பும்போது கணவரிடம் என்ன சொன்னீர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்ல வேண்டும். ஒருவர் என்னிடம் ஆறு வாரம் வந்தார். கடைசி நாளில் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'மிகவும் திருப்தி' என்று குறித்து, கீழே அழகான கையெழுத்தில் நன்றி எழுதிவிட்டுப் போனார். பெருமையாக அதை அக்காவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "ரொம்ப நல்லா தேங்க்ஸ் சொல்லியிருக்காரே சார். நம்பர் குடுங்க" என்றார். "அழுதுட்டுப் போறவங்க அடுத்த வாரம் வந்துடுவாங்க. இப்படி எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போறவங்களுக்குத்தான் நான் போன் பண்ணுவேன்." உடனே பண்ணினார். அந்த அறையின் கதவு ஒன்றரை மணி நேரம் மூடியே இருந்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். நானாக இருந்தால் அன்று பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அக்கா இறந்த மறுநாள் மதியம் கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அந்தோணி அண்ணனின் அக்கா பிலோமினா, ரவாங்கிலிருந்து வந்தவர், உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. குடும்பம் சின்னது, பிள்ளைகளும் இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. "நீங்க யாரு? லூர்துவை எப்படித் தெரியும்?" என்று பிலோமினா ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்.

இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவன், "ஸ்கூல்ல ஒண்ணா படிச்சோம் ஆன்டி" என்றான். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த ஒருவர், "சர்ச் கோயர்ல ஒண்ணா பாடினோம்" என்றார். அக்காவுக்குப் பாட்டு சுத்தமாக வராது. இன்னொருவர், "வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுறவன் நான்" என்றார். உண்மையில் கேஸ் போடுகிறவர் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, வேலை போய்விட்டதோ என்பதுபோல விழித்தார். மூன்று மீன்கடைக் குடும்பங்களும் வந்து, ஒருவரையொருவர் இங்கே ஏன் வந்தாய் என்று பார்த்துக்கொண்டன. எனக்கு நன்றி எழுதிக் கொடுத்தவரும் வந்திருந்தார். "வழியில போனேன், கூட்டமா இருந்துச்சு, அதான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அவர் அழுத அழுகையில் பிலோமினா தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டார்.

நான் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பாதிப் பேரை எனக்குத் தெரியும். ஒருவரையும் எனக்குத் தெரியாது.

பிலோமினா எழுந்து தம்பியிடம் போனார். காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கிசுகிசுத்ததால் கூடாரம் முழுக்கக் கேட்டது. "டேய், ஒருத்தனும் உண்மை பேச மாட்டேங்கிறான். யாருடா இவங்க எல்லாம்? உன் பொண்டாட்டி என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தா?"

அந்தோணி அண்ணன் எழுந்து என்னிடம் வந்தார். என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "சார், இவங்க யாருன்னு நான் கேக்கல. நீங்க சொல்ல மாட்டீங்க, தெரியும். ஆனா ஆஸ்பத்திரில வேலை பாக்கிறப்போ எல்லாக் கதையும் வந்து எங்கிட்ட சொல்லுவா சார். உங்க ஆபீசுக்கு வந்த பிறகு வாயை மூடிக்கிட்டா. பதினாலு வருஷம். வருவா, என் பக்கத்துல உக்காருவா, ஒண்ணும் பேச மாட்டா. என்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். உங்ககிட்ட எல்லாம் சிரிச்சுப் பேசியிருக்கா. இவ்ளோ பேருகிட்ட பேசியிருக்கா. எங்கிட்ட மட்டும் ஏன் சார்?"

என் ஏழாவது விதி என்னைப் பார்த்தது. வந்தவர்களின் கதைகளை அக்கா சொல்லாததற்கு அது காரணமாகப் போதும். ஆனால் வழியில் பார்த்ததையும் பக்கத்து வீட்டுப் பூனை செய்ததையும் வீட்டில் பேசக் கூடாது என்று நான் எழுதவில்லை. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அந்த வாரம் கேட்ட துயரங்களை இறக்கி வைப்போம். அக்கா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் கண்டித்து, இரண்டு முறை எழுத்து மூலம் விளக்கம்கூடக் கேட்டிருக்கிறேன். அவர் வாயாலேயே பதில் சொன்னார். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

"'எனக்கு இந்த மீட்டிங் வேணாம் சார். நாள் பூரா என்கிட்ட எல்லாரும் பேசுறாங்க, நானும் பேசுறேன். வீட்டுல ஒருத்தர் இருக்காரு. என்ன ஆச்சுன்னு கேக்கவே மாட்டாரு. அவரு பக்கத்துல அரை மணி நேரம் சும்மா உக்காந்தேன்னா எல்லாம் இறங்கிடும். அவரு இல்லன்னா நான் ஒரு வருஷம்கூட இந்த வேலையில தாங்கியிருக்க மாட்டேன்.' இப்படித்தாண்ணே சொன்னாங்க. நான் நம்பல. மீட்டிங்குக்கு வரலைன்னு ஃபைல்ல எழுதி வெச்சேன்."

அவர் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினார். "கேக்கக் கூடாதுன்னு இல்ல சார்" என்றார். "என்ன கேக்குறதுன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

"அது போதும்னுதாண்ணே இருந்திருக்காங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். பிலோமினா ஒரு பெண்ணை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரையும் கேக்காதக்கா. எல்லாரும் லூர்துவுக்கு வேண்டியவங்க. சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, எனக்கு நன்றி எழுதியவருக்குப் பக்கத்தில் போட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் கிள்ளானுக்குப் போகிறேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அரை மணி நேரத்தைத்தான். அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், பேச மாட்டோம். வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவனுக்கு அது எவ்வளவு கடினம் என்று என் மனைவியைக் கேளுங்கள். முதல் வாரம் ஏழு நிமிடம் தாங்கினேன். போன வாரம் அரை மணி நேரமும் முழுதாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கே வியப்பாக இருந்தது. பெருமையோடு எழுந்து நின்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப மூச்சு விடுறீங்க சார். அவ இப்படி இல்ல" என்றார். பிறகு, "அடுத்த வாரமும் வாங்க" என்றார்.