பச்சைக் கல்லின் பின்பக்கம்

அக்கா மகள் என் நெல்லித்தோப்பு வீட்டுக்கு ஒரு பதக்கம் கொண்டுவந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா தச்சது, சித்தி. மணி உதிருது, சரி பண்ணிக் குடுங்க."

ஓட்டையில்லாத பச்சைக் கல். பார்த்ததும் அன்றைய பசை வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கல்லைத் துணியில் ஒட்டி, சுற்றிலும் பாசிமணி தைத்தேன். மேல்வரிசைக்குப் பொடிமணி கோத்து நூலை இறுக்கினால்தான் மணிகள் உள்ளே சாய்ந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். விரலெல்லாம் ஊசிக்குத்து.

அக்காவைப் பெண்பார்க்க அரியாங்குப்பத்திலிருந்து வந்தவர்களிடம் அம்மா அதை நீட்டினாள். "எங்க பெரியவ தச்சது."

அக்கா தலைகுனிந்து சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நீ காபி டம்ளர எடுத்துட்டு உள்ள போ."

போனேன். ஆனாலும் மனதில் ஒரு திமிர் இருந்தது. முடிச்சுகளை மறைக்கும் பின்துணிக்கு அடியில், சிவப்பு நூலில் என் பெயரின் முதலெழுத்தைத் தைத்து வைத்திருந்தேன்.

இன்று அந்தத் துணியைப் பிரித்தேன். சிவப்பு நூல் இல்லை. எழுத்தின் வடிவில் ஊசித்துளைகள் மட்டும் இருந்தன.

"என்னா சித்தி, எதத் தேடுறீங்க?"

அந்த எழுத்தை நான் அம்மாவிடம் மட்டும்தான் காட்டியிருந்தேன்.