நாளைய கரண்டும் நாற்பது முட்டையும்

மின்கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். நாளைக்கு ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே கணித்துச் சொல்வது அவர் வேலை. மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டைகட்டி வைக்க முடியாது. அவர் சொன்ன அளவுக்குத்தான் மின்நிலையங்களைத் தயார்ப்படுத்துவார்கள். வீட்டில் தன் சட்டை எங்கே கிடக்கிறதென்று தெரியாத மனிதரை நம்பி இத்தனை பெரிய பொறுப்பு.

அங்கே ஒரு சொல்லாத ஏற்பாடு இருந்தது. நூறு வேண்டுமென்றால் நாளைக்காரர் நூற்றுப்பத்து என்று எழுதுவார், மேலதிகாரி எப்படியும் வெட்டுவார் என்பதால். இந்த ஆள் எப்படியும் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்று மேலதிகாரி பத்தை வெட்டிக் கையெழுத்துப் போடுவார். இரண்டு பொய்யும் சேர்ந்து கச்சிதமான உண்மையாகிவிடும். வருடக்கணக்கில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படியொரு மனப்பொருத்தம் புருஷன் பெண்டாட்டிக்குள் அமைந்தால் கண் பட்டுவிடும்.

பெண்டாட்டி என்றதும்தான் விஷயத்துக்கு வரவேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் குஞ்சு பொரிக்கும் மிஷின் ஒன்று வாங்கி, முதல் தடவையாக நாற்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக வீட்டில் புருஷனைவிட முட்டைக்குத்தான் உபசாரம்.

"நாளைக்குக் குஞ்சு பொரியற நாள். இந்தக் குளிர்ல கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. போகாம பாத்துக்கோங்க."

"நான் இருக்கும்போது போயிடுமா?"

அன்றைக்கு அவர் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். குளிர், ஹீட்டர், தொழிற்சாலை என்று ஒன்றையும் விடவில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். கடைசியில் வந்த எண் அவருக்கே அவ்வளவு பிடித்துப்போயிற்று. இவ்வளவு சுத்தமான கணக்கில் கலப்படம் செய்ய மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இதுமட்டும் உண்மை என்று சொன்னால், இத்தனை வருடம் எழுதியது என்ன என்று கேட்பாரே.

மேலதிகாரி வழக்கம்போல வெட்டினார்.

மறுநாள் காலை ஊரே ஹீட்டரைப் போட்டது. மின்சாரம் பற்றவில்லை. தெருத்தெருவாக முறைவைத்து நிறுத்தினார்கள், முதல் முறை நாளைக்காரரின் தெருவுக்கு, அதுவும் பல மணி நேரம். அவர் மேலதிகாரியின் அறைக்கு ஓடினார்.

"எப்பவும் வெட்டற அளவுதானேய்யா வெட்டினேன்?" என்றார் மேலதிகாரி, நிஜமாகவே புரியாமல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, இருந்த போர்வையெல்லாம் மிஷினுக்குப் போர்த்தியிருந்தது. மனைவி குளிரில் நடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில முட்டைகளில் ஓடு கீறி, குட்டி மூக்கு வெளியே தெரிந்தது. ஒன்றுகூட அசையவில்லை. நாளைக்காரர் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு போர்வையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமா ஒழுங்காப் பொய் சொல்லிட்டிருந்த மனுஷனை, இன்னிக்குப் பாத்து யாரு உண்மை பேசச் சொன்னது?"