அக்காளின் துணிச் சீட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் கேட்கப்போவது, "அக்காள் புகைப்படம் எங்கே?" என்பதுதான். அப்படி ஒன்று கிடையாது. படம் பிடிக்கிறவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், இரண்டு முறையும் அக்காள் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆகவே எழுத்தால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற எனக்கு எழுத்து வராது. உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் திருவேங்கடத்தில் பிறந்தவர். எனக்கு எட்டு வயது மூத்தவர். பதினாறில் சுரண்டையில் வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பதில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தார். அதே ஆண்டு அம்மாவும் போய்விட, என்னை அழைத்துக்கொண்டு தென்காசிக்குக் குடிவந்தார். பிறர் வீட்டுக்கு அப்பளம் இட்டும் ரவிக்கை தைத்தும் என்னைப் படிக்க வைத்தார். இதையெல்லாம் அழுது சொல்லலாம்தான். ஆனால் அக்காளுக்கு அழுமூஞ்சிகளைப் பிடிக்காது. எனவே அவர் சிரித்த கதைக்கே வந்துவிடுகிறேன்.

ஓர் ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டுச் சத்திரத்து மண்டபத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்த அக்காளுக்குப் பக்கத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். சுரண்டை ஆவுடையம்மாள், வடகரை ரகுமத் பீவி, செங்கோட்டை லட்சுமிக்குட்டி. ஆவுடையம்மாள் படம் அச்சடித்த சீட்டித்துணித் துண்டுகளை ஒட்டிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டில் கிராமபோன் பெட்டி, இன்னொன்றில் குடை பிடித்த குரங்கு. அக்காள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குரங்குக்கு வால் வெட்டுப்பட்டுப் போச்சே" என்றார். அவ்வளவுதான், நால்வரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

அன்றைக்கே அந்த மண்டபத்தில் துணிச் சீட்டு பிறந்தது. மாதம் பிறந்தால் ஒவ்வொருவரும் ஒரு சாண் சதுரத்தில் ஒரு துண்டு தைத்து, அந்த ஆண்டுச் சீட்டு யார் பெயருக்கு விழுந்ததோ அவருக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு முடிவில் அவருக்கு ஒரு போர்வை. நான்கு ஆண்டில் நான்கு பேருக்கும் முறை வந்துவிடும். துண்டில் படம் இருக்க வேண்டும், அதுவும் தலை, வால் வெட்டுப்படாமல் நடுவில் இருக்க வேண்டும். வந்த படமே மறுபடி வந்தால், அனுப்பியவர் ஒரு படி மாவுக்கு முந்திரிக்கொத்து செய்து தர வேண்டும். பொட்டலங்களைப் பஸ் கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர் சலிக்காமல் ஊருக்கு ஊர் சேர்த்தார்.

ஒருமுறை அக்காள் ஒரே யானையை இரண்டு தடவை அனுப்பிவிட்டார். அடுத்த சாரலில் விசாரணை நடந்தது.

"இது வேற யானை. அது வலது பக்கம் பாத்துது, இது இடது பக்கம் பாக்குது" என்றார் அக்காள்.

"துணியைத் திருப்பித் தச்சிருக்கீய. பாகன் முதுகுதான் தெரியுது!" என்றார் ரகுமத் பீவி.

முந்திரிக்கொத்தைத் தின்றவர்களில் நானும் ஒருவன். கடையில் புதுச் சீட்டித்துணி வந்து கட்டைப் பிரித்தால் எனக்கு முதலில் அக்காளின் நினைவுதான் வரும். மோட்டார் கார், ஒட்டகம், கடிகாரம் எதுவானாலும் கடைசி ஒரு சாணை முதலாளியிடம் கேட்டு வாங்கிவிடுவேன். யுத்தத்தில் துணிக்குப் பங்கீடு வந்தபோது மட்டும் நால்வரும் பழைய ரவிக்கைகளையும் தலையணை உறைகளையும் வெட்டிச் சமாளித்தார்கள்.

இனிச் சொல்லப்போவது என் குற்றம். அதை மறைத்து மலர் போட எனக்கு மனம் வரவில்லை.

முதலாண்டு ஆவுடையம்மாள் முறை. துண்டுகளைச் சேர்த்துத் தைக்க அவர் அக்காளிடமே கொடுத்திருந்ததால், முடித்த போர்வை எங்கள் வீட்டில் இருந்தது. நீளம் பார்க்க அக்காள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேலைக்கு மேல் பச்சையும் சிவப்புமாகக் கிளிகள். கடைக்குப் புறப்பட்ட நான், "என்னக்கா, இதைப் போத்திக்கிட்டு வெளியே வந்திராதே. பாக்கவன் என்ன சொல்லுவான்?" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். செருப்பை மாட்டுவதற்குள் நான் மறந்துவிட்டேன். அக்காள் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்காள் முறை வந்தது. லட்சுமிக்குட்டி மகளுக்குப் பிரசவம் என்று அவருக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கடுத்த ஆண்டு ரகுமத் பீவிக்கு. நான்காம் ஆண்டு மிஞ்சியிருந்தது அக்காள் ஒருவர்தான். அப்போதும், "எனக்கு என்னத்துக்கு? ஆவுடை பேர்லயே அடுத்த சுற்றை ஆரம்பிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சாரலில் மூவரும் ஈரத்தலையோடு குற்றாலத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அக்காள் அடுப்படியில் இருந்தார். நான் கூடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"எந்தா தம்பி, அக்காவுக்கு வேண்டாமா, இல்லை நீ விட மாட்டேங்கியா?" என்றார் லட்சுமிக்குட்டி.

"நான் என்ன சொன்னேன்? அவ இஷ்டம்தான்" என்றேன்.

"அவ உடுத்தத்தான் கூடாது. போத்தக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார் ஆவுடையம்மாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். இன்று எழுதும்போதும் கூசுகிறது.

மூவரும் விடவில்லை, ஆண்டு முடிவில் அக்காளுக்கும் ஒரு போர்வை தைத்து அனுப்பிவிட்டார்கள். சுத்த வெள்ளை. இரண்டு பக்கமும் கெட்டியான வெளுத்த துணி, ஒரு பொட்டுப் படம் இல்லை. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. தெருவிலும் பாராட்டினார்கள். "போத்துறதுகூட வெள்ளை பாரு" என்று எதிர்வீட்டு ஆச்சி தம் மருமகளுக்கு எடுத்துக்காட்டினார். அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அடக்கம் என்று நினைத்தோம். அந்தப் போர்வையைத் துவைக்க யாரிடமும் தர மாட்டார், தாமே பின்கட்டில் காயப்போட்டுத் தாமே காவலும் இருப்பார். அதையும் சுத்தம் என்றே நினைத்தோம்.

ஏழு ஆண்டுகள் கழித்துச் சென்ற ஆனியில் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் காலையில் நான் போர்வையைச் சரிசெய்தபோது ஓரத்துத் தையல் விட்டிருந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் விலக்கினேன். ஒரு கிளி மூக்கு.

"பாத்துட்டியா?" என்றார் அக்காள். காய்ச்சலிலும் ஒரே சிரிப்பு.

"என்னக்கா இது?"

"என் முறைக்கு வந்த துண்டுதான்லே. நாப்பத்தெட்டும் உள்ளே இருக்கு. மேலே வெள்ளையைத் தச்சது ரகுமத் யோசனை. ஊரு நான் துறவின்னு நினைக்குது. நான் ஏழு வருசமா மோட்டார் கார்லயும் ஒட்டகத்துலயும்லா போய்க்கிட்டு இருக்கேன்!"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உனக்குத்தான பயம்? வெளியே வந்திராதேன்னியே."

கடைக் கத்தரியை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எளிதில் பிரிகிற ஓட்டுத் தையல்தான், ஆனாலும் மதியம் வரை ஆயிற்று. வெள்ளை கழன்றதும் படங்கள் சாயம் போகாமல் அப்படியே இருந்தன. எந்தத் துண்டு யார் தைத்தது என்று அக்காள் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். இடது பக்கம் பார்க்கிற யானையும் இருந்தது. அதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அக்காளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். போர்வையை என் கையாலேயே போர்த்திவிட்டேன். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து, "என்ன தம்பி இது?" என்றார்.

"எங்க அக்கா போர்வை, அண்ணாச்சி. நல்லா இருக்குல்லா?" என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த ஒட்டகம் ஜோர்" என்று சொல்லிப் போனார்.

அதன்பின் அக்காள் பதினொரு நாட்கள் இருந்தார். தினமும் சாயங்காலம் வாசலுக்கு வந்தார்.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பொட்டலம் சுமந்த கண்டக்டர் அண்ணாச்சிக்கும், துண்டு கொடுத்த முதலாளிக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவினர் யாவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மூன்று சிநேகிதிகளுக்கும் நன்றி சொல்லப் போனேன். அவர்கள் கேட்கவில்லை. "சீட்டை யாரும் பாதியில விடக் கூடாது. அக்கா துண்டை நீ தச்சு அனுப்பு" என்று ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஆண்டு ரகுமத் பீவி முறை. நான் தைத்த முதல் துண்டு, கிளிக்கு வால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறது. பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் உட்கார்ந்துதான்.