வெள்ளிக்கிழமைச் சம்பல்

குசினியை வாரத்தில் ஒருநாள் தன் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் விடப்போவதாகத் தங்கச்சியின் மகள் சொன்னபோது நான் கோபிக்கவில்லை. சிரித்தேன். வெள்ளவத்தைக்கு வந்த நாள்தொட்டு அந்த வீட்டில் அடுப்பு என் கைக்குள்தான்.

"பிள்ளையே யோசிச்சுச் சமைச்சால் பொறுப்பு வருமாம் பெரியம்மா. போனில பார்த்தனான்."

"வரட்டும். ஆர் வேண்டாமெண்டது? ஆனால் ஒரு பிழை வந்தால் குசினி திரும்ப எனக்கு."

"ஓம். பிழையோ சரியோ நீங்களே சொல்லுங்கோ. உங்கட நாக்குக்கு மிஞ்சி ஆர் இருக்கினம்?"

அது உண்மைதான். எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. ஆனால் லிப்டில் ஏறினால் எந்த மாடியில் ஆர் மீன் பொரிக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்தோம். அன்று எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன் முள், கத்தி என்று பிள்ளைக்குக் கரைச்சல் வராது. எனக்கோ வெள்ளி முருகனுடைய நாள், மச்சத்தின் காற்றும் படக்கூடாது.

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, தேங்காய் இடித்த சம்பல் என்று பிள்ளை முடிவெடுத்தது. இடியப்பம் காலி வீதிக் கடையிலிருந்து வருமாம்.

"கடையில வாங்கிறதும் சமையலோ?"

"அதுதான் பிளான், அம்மம்மா. நீங்கள் ஹோலில இருங்கோ," என்றது பிள்ளை.

இருந்தேன். கடற்கரை ரயில் போகும்போது யன்னல் அதிர்ந்தது. அதற்கு மேலால் உரல் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டில் சொதி தண்ணீர் மாதிரி. சந்தோசமாய் வாயைத் திறந்தேன், ஆனால் அதற்குள் சம்பல் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு சொதியின் நினைவு வரவில்லை.

"பெரியம்மா, என்னவோ மணக்குதே?" என்றாள் தங்கச்சியின் மகள்.

"செத்தல் மிளகாய் வறுத்த மணம். உனக்கெங்க விளங்கப்போகுது!" என்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அவளுடைய மனிசன், என் மருமகன், மூன்றாம் தரமும் எடுத்தார்.

"முதல்தரம். இப்பிடிச் சம்பல் நானும் இடிச்சதில்லை," என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு குசினிக்குப் போனேன், ஏதாவது ஊத்தை கிடக்காதா என்ற ஆசையில். உரலுக்குப் பக்கத்தில் கட்டை மாதிரி ஒரு துண்டு.

"இதென்ன?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"மாசி. கீழ்வீட்டுச் சிங்கள ஆன்ரி தந்தவ. இது போடாட்டில் சம்பலே இல்லையாம்."

"மாசி எண்டால் காய்ஞ்ச மீனெல்லோ! இண்டைக்கு வெள்ளியெல்லோ!"

பிள்ளையின் முகம் வெளிறியது. "மீனோ? விறகு மாதிரியெல்லோ இருந்தது..." பிறகு என்னை ஒருமாதிரிப் பார்த்தது. "உங்களுக்கு மணக்கேல்லையோ, அம்மம்மா?"

பிழை கையில் கிடைத்துவிட்டது. ஹோலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் குசினி எனக்கு. ஆனால் அதோடு சேர்த்து, வெள்ளிக்கிழமை விரல் நக்கி மாசி தின்றேன் என்றும், மாடி மாடியாய் மணம் பிடிக்கும் மூக்குக்குத் தட்டில் கிடந்தது தெரியவில்லை என்றும் சொல்லவேண்டும்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை," என்று துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்தேன்.

விடிய முழுகிக் கோயிலுக்குப் போனேன். முருகன் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டாரைவிட அவருக்கு மரியாதை தெரியும்.

அடுத்த வியாழன் தங்கச்சியின் மகள் என்னிடம் வந்தாள். "நாளைக்கும் அதே சம்பலாம், பெரியம்மா." மாசி இல்லாமல் அது அதே சம்பல் ஆகாது, மாசியோடு வெள்ளி ஆகாது.

"வெள்ளி வேண்டாம். பள்ளிக்கூடத்தால வந்த களையோட பிள்ளை நிக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை செய்யட்டும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிறு என் நண்டுக்கறி நாள். அதற்காகத் தெஹிவளையிலிருந்து சொந்தக்காரர் பஸ் பிடித்து வருவார்கள். அதையே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று தெஹிவளை முழுக்கப் போன் போட்டு என் பெரிய மனதைச் சொன்னாள். இனி எப்படித் திருப்பிக் கேட்பது?

போன ஞாயிறும் எல்லோரும் இருந்தோம். பிள்ளைதான் பரிமாறியது. மருமகன் சம்பலை வாயில் வைத்துவிட்டு, "மாசி போட்டனியோ?" என்றார்.

"ஓம் அப்பா. இண்டைக்கு ஞாயிறுதானே."

"அந்த வெள்ளிக்கிழமையும் இதே ருசிதான், மாமி. என்ன?" என்று என் பக்கம் திரும்பினார்.

"அது செத்தல் வறுத்த மணம், தம்பி," என்று சொல்லி, சம்பல் கோப்பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.