இடது பெடலில் ஒரு சத்தம்

மேடத்தின் சைக்கிளில் சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டிக். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காமல் இருக்குமா? ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று அன்று மத்தியானமே முடிவு செய்திருந்தேன். சக்கரமே கழன்று ஓடினாலும் சொல்லப்போவதில்லை.

மேடம் என்றால் எங்கள் லைன் சூப்பர்வைசர். ஆம்பூரைத் தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஷூ கம்பெனியில் நான் தையல் மெஷினில் இருக்கிறேன். அவரும் இதே மெஷினில் இருந்து மேலே போனவர்தான். இரண்டு பேருக்கும் வீடு ஒரே பக்கம். கம்பெனி கேட்டுக்கு உள்ளே அவரை மேடம் என்பேன், கேட்டைத் தாண்டினால் அக்கா. பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் டேனரியை ஒட்டிய ரோட்டில் பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் இருக்காது, நாய்கள் ஜாஸ்தி. அதனால் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவோம். சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நாய் விட்டுவிடுமா? அன்றைக்கும் சேர்ந்தேதான் கிளம்பினோம், நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் விட்டு.

சண்டைக்குக் காரணம் ஓர் ஊசி முனை. தோல் தைக்கும்போது ஊசி உடைவது சகஜம். ஆனால் உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, சேர்த்து வைத்துப் பார்த்து, முழு ஊசி வந்தால்தான் வேறு ஊசி தருவார்கள். நாங்கள் தைப்பது குழந்தைகள் போடும் ஷூ. எங்கேயோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் காலில் அந்த முனை குத்தினால் ஆர்டரே போய்விடும். ஆர்டரை விடுங்கள், குழந்தையின் கால். அதனால் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று என் ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டு உடனே கிடைத்தது. முனையைக் காணோம். மெஷினைச் சாய்த்துப் பார்த்தோம். தரை முழுக்கக் காந்தத்தை இழுத்தோம். மேடம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒவ்வொருத்தியையும் செருப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எல்லோரும் காட்டினோம். எங்கேயும் இல்லை. காலையிலிருந்து நான் தைத்த அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, ஒரு கூடையில் போட்டு ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். முனை கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் சரி. "எங்கனா தூக்கிப் போட்டுட்டு தெரியாத மாதிரி நிக்கிறியா?" என்று மேடம் கேட்டார், எல்லோர் முன்னாலேயும்.

"நான் இன்னாத்துக்கு மேடம் தூக்கிப் போடப் போறேன்?" என்றேன். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"குரல ஒசத்தாத. முனை கெடைக்கிற வரைக்கும் மெஷின்ல ஒக்காராத. நாளைலேர்ந்து நூல் வெட்டுற டேபிளுக்குப் போய்டு."

நூல் வெட்டுவது புதிதாக வருகிறவர்களுக்குத் தருகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு, மற்றவர்கள் தைத்ததில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். அந்த மெஷினில் உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முனை கிடைக்காவிட்டால் இடமும் போகும், பொய்க்காரி என்ற பேரும் நிற்கும்.

இந்த லட்சணத்தில்தான் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? என்னுடையது பழைய சைக்கிள். கடையில் போய் நிற்கப் பொறுமை இல்லாததால் அதன் சத்தங்களை எல்லாம் நானே பழகிவைத்திருக்கிறேன். மட்கார்டு உரசினால் சர் சர் என்று இழுக்கும். ஸ்போக் தளர்ந்தால் மேடு பள்ளத்தில் மட்டும் முனகும். பேரிங்கில் குண்டு உடைந்தால் கரகரவென்று அரைக்கும். இது எதிலும் சேரவில்லை. பாத்திரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரே ஒரு சின்னச் சத்தம், சரியான இடைவெளியில்.

மேடம் இறங்கினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். சத்தம் இல்லை. ஏறி மிதித்தார். டிக். பாலத்துக்கு முன்னால் இருக்கும் சைக்கிள் கடையில் நிறுத்தினார். நானும் எட்டவே நின்றேன். கடைக்கார பாய் ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் சுற்றி, சக்கரத்துக்குக் காது கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சொட்டு எண்ணெயும் விட்டார். "சக்கரம் நல்லா இருக்குதும்மா. நீங்க இன்னா சத்தம்ன்றீங்கன்னே புரியல" என்றார். மேடம் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பாலத்தில் ஏறியதும் மறுபடியும் டிக்.

"இன்னா பேஜாரா போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதிப் பாலம் வரைதான் என்னால் முடிந்தது. இரக்கமெல்லாம் இல்லை, எரிச்சல்.

"மிதிக்காம அப்படியே வுடுங்க" என்றேன். மேடம் என்றும் கூப்பிடவில்லை, அக்கா என்றும் கூப்பிடவில்லை.

காலை நிறுத்தினார். சைக்கிள் தானாக ஓடியது. சத்தம் இல்லை. அப்படியென்றால் சக்கரத்தில் கோளாறு இல்லை. சக்கரத்தில் இருந்தால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் வரும்.

"இப்ப மிதிங்க." டிக். பெடல் ஒரு சுற்று வந்தால் ஒரு டிக். "எடது காலை எடுத்துட்டு வலது கால்ல மட்டும் மிதிங்க." சத்தம் இல்லை. அப்போ இடது பெடல். பாலம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்தப் பெடலை அசைத்துப் பார்த்தேன். ரப்பர் எப்போதோ போய்விட்டிருந்தது, வெறும் இரும்புக் கம்பி. ஆனால் ஆட்டம் இல்லை. என் சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதில் ஏறி டேனரிச் சுவர் வரை போய்த் திரும்பினேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் ஏறி நாலு மிதி மிதித்தார். டிக்.

"இன்னா இது, சைக்கிளுக்கு என்னக் கண்டா புடிக்கலயா?" என்றார்.

சைக்கிள் அதேதான், பெடலும் அதேதான். மாறியது ஆள் மட்டும். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"எடது செருப்பக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த கோடுகளுக்கு நடுவே, சேறோடு சேறாக, மின்னிக்கொண்டு நின்றது. தோல் ஊசியின் முனை உருண்டையாக இருக்காது, குட்டிக் கத்தி மாதிரி தட்டையாக இருக்கும். வேறு எதுவோ என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோருடைய செருப்பையும் தேடிக்கொண்டு அவர் மேலும் கீழும் நடந்தபோது அது அவரோடேயே நடந்திருக்கிறது.

"எல்லார் காலையும் தூக்கச் சொன்னீங்களே" என்றேன். "உங்க காலைத் தூக்கச் சொல்ல அங்க யாரு இருக்குறாங்க?"

அவர் புடவையிலிருந்து பின்னை எடுத்து முனையை நெம்பி, கர்ச்சீப்பில் முடிந்துகொண்டார். மீதி ரோடு முழுக்கச் சத்தமே இல்லை.

மறுநாள் காலை மூன்று துண்டையும் சேர்த்தார்கள். முழு ஊசி வந்தது. கூடையைத் திருப்பிக் கொடுத்தார்கள், நான் என் மெஷினில் உட்கார்ந்தேன். "எங்க கெடச்சுது?" என்று மேனேஜர் கேட்டார். "கீழதான் சார், ஓரமா" என்றார் மேடம். என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க மறைச்சு வெச்சிருந்தாளோ" என்று பக்கத்து வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. இடம் திரும்பி வந்துவிட்டது, பேர் வரவில்லை. அன்று சாயங்காலம் அவருக்காக நிற்காமல் தனியாகவே போனேன். நாய்கள் துரத்தின. துரத்தட்டும் என்று மிதித்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் சேர்ந்து போக ஆரம்பித்தோம். தக்காளி விலை, மழை, வீட்டில் யாருக்கு ஜுரம் என்று எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. எனக்கு மனசு ஆறவும் இல்லை.

அப்புறம் ஒருநாள் கடைசி வரிசையில் புதிதாக வந்த பெண்ணின் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். அவள் கண்ணில் தண்ணீர் முட்ட நின்றாள். மற்றவர்கள் சொல்லாமலே செருப்பைத் தூக்க ஆரம்பித்தார்கள். மேடம் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் செருப்பு இரண்டையும் கழற்றி, அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடியில் வைத்தார்.

"மொதல்ல என்னுதப் பாருங்க" என்றார். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "போன தடவ முனை என் செருப்புலதான் இருந்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

எல்லோரும் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. கண் மங்கிவிட்டது, கால் மட்டும் மோட்டார் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது. தையல் ஓரத்தை விட்டு விலகி எங்கேயோ போய்விட்டது. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் பழைய ஓட்டை அப்படியே தெரியும்.

மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என் மெஷினுக்கு வந்து, அந்த அப்பரை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "கண்ணை எங்க வெச்சிருந்த? ஒரு பீஸு வீணாப் போச்சு பாரு" என்று திட்டினார், எல்லோர் முன்னாலேயும்.

எனக்குக் கோபமே வரவில்லை.